நீலாஞ்சனையின் நடனமும் நம் வீட்டு ஆடையும்



ஸ்ரீபுராணத்தைப் படித்தோரும் படிக்கக் கேட்டோரும் நீலாஞ்சனையை அறிவர். உலகிற்கு உழவும் தொழிலும் வாணிகமும் கற்பித்த ஆதிபகவன் அரசு வீற்றிருந்த காலம். அப்பெருமானுக்குத் துறவு எண்ணம் தோன்ற வேண்டும் என்று கருதிய இந்திரன், நீலாஞ்சனை என்னும் தேவமங்கையை அவையில் ஆடச் செய்தான். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஆயுள் முடிந்தது. மின்னல் மறைவது போல் அவள் உடல் மறைந்தது. ஆடலின் சுவை கெடலாகாது என்று இந்திரன் அந்நொடியே அவளைப் போன்ற இன்னொருத்தியை அவ்விடத்தில் நிறுத்திவிட்டான். தாளம் தப்பவில்லை, பாட்டு நிற்கவில்லை. அவையோர் தலையசைத்து மகிழ்ந்துகொண்டிருந்தனர். ஒருத்தி மாண்டாள், மற்றொருத்தி வந்து நின்றாள் என்பதைக் கண்டவர் ஆதிநாதர் ஒருவரே. கண்டார், துறந்தார்.

இக்கதையை நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது நம் மரபு. அது முறையே. ஆயினும் எழுபது வயதைக் கடந்த இந்நாளில், அந்த அவையோரைப் பற்றியே என் மனம் மிகுதியும் எண்ணுகின்றது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். எவரையும் துன்புறுத்தவில்லை. ஆடலைப் பார்த்தார்கள், ஆடியவளைப் பார்க்கவில்லை. அவ்வளவே அவர்கள் செய்த பிழை. அந்தப் பிழையை நாமும் நாள்தோறும், நம் உடலின்மேலேயே, செய்துகொண்டிருக்கின்றோம் என்பதை ஒரு நாடகம் எனக்குக் கற்பித்தது.

பார்ப்பவரும் எழுந்து ஆடும் நாடகம்

பிரேசில் நாட்டில் 1931ஆம் ஆண்டு பிறந்து 2009இல் மறைந்தவர் அகஸ்டோ போவால் என்னும் நாடகாசிரியர். 1973இல் பெரு நாட்டில் நடந்த எழுத்தறிவுத் திட்டத்தில் அவர் பணியாற்றினார். மக்களின் துன்பம் ஒன்றை நடித்துக் காட்டி, "இதற்கு என்ன செய்யலாம்?" என்று பார்ப்பவரைக் கேட்பது அவர் வழக்கம். அவர்கள் சொல்வதை நடிகர்கள் நடித்துக் காட்டுவார்கள். ஒருநாள், நடிகர்கள் எத்தனை முறை நடித்துக் காட்டியும் தான் சொன்னது அதுவன்று என்று மறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், இறுதியில் தானே மேடையேறி நடித்துக் காட்டினாராம். அன்றிலிருந்து பார்வையாளரே எழுந்து வந்து நடிக்கும் மன்ற நாடகம் உருவாயிற்று என்று போவால் எழுதியுள்ளார்.

அதன் முறை எளியது. முதலில் ஒரு காட்சி முழுமையாக நடிக்கப்படும். முடிவு துன்பமாகவே இருக்கும். பின்னர் அதே காட்சி மீண்டும் தொடங்கும். இம்முறை பார்ப்பவருள் எவரும் "நிறுத்துங்கள்" என்று சொல்லி எழுந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தில் நின்று, வேறு வகையாக நடந்து காட்டலாம். நம் நாட்டில் மேற்கு வங்கத்தில் 1985ஆம் ஆண்டு சஞ்சய் கங்குலி தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி என்னும் குழு, இம்முறையைச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றது. நம் தமிழ்நாட்டிலும் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் கலைப் பயண நாடகங்களைக் கண்டவர்கள் பலர் இருப்பீர்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் பணியாற்றிய நாளில், கரும்பலகையால் ஆகாத பாடங்கள் சில நாடகத்தால் ஆகும் என்று பயிற்சி மாணவியருக்குச் சொல்லிவந்தேன். சொல்லிய பாடம் எனக்கே திரும்பி வந்தது.

எங்கள் வீட்டு முற்றத்தில்

சென்ற தசலட்சண பர்வத்தின் ஒன்பதாம் நாள். உத்தம ஆகிஞ்சன்யத்திற்கு உரிய நாள். "எனது" என்னும் பற்றை விடுவதே அந்நாளின் தருமம். பணியின் பொருட்டு நடு நாட்டிலிருந்தும் தொண்டை நாட்டிலிருந்தும் வந்து, நிலக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் தங்கிவிட்ட நம் குடும்பத்தார் ஏறத்தாழ 25 பேர் எங்கள் வீட்டில் கூடினோம். பகல் உணவும் பூசையும் முடிந்து, ஞாயிறு மறையுமுன் மாலைச் சிற்றுண்டியும் முடிந்தபின், என் பழைய மாணவியர் நால்வர் முற்றத்தில் ஒரு நாடகம் நடித்தனர்.

முதற்காட்சி ஓர் ஆடைத் தொழிற்சாலை. காய்ச்சலுடன் வந்த இளம்பெண் விடுப்புக் கேட்கின்றாள். மேற்பார்வையாளர், "வியாழக்கிழமை சரக்கு போயாக வேண்டும்" என்று மறுக்கின்றார். அவள் மயங்கி விழுகின்றாள். அவளை அப்புறப்படுத்திவிட்டு, அதே தையல் எந்திரத்தின் முன் வேறொருத்தியை அமர்த்துகின்றார். எந்திரம் நிற்கவில்லை.

இரண்டாம் காட்சி ஒரு துணிக்கடை. ஓர் அம்மையார் பண்டிகைக்குச் சுடிதார் வாங்க வருகின்றார். "இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்" என்கின்றார் கடைக்காரர். அம்மையார் மூன்றையும் எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்து, "பிரமாதம்!" என்று மகிழ்ந்து செல்கின்றார்.

"இப்போது மீண்டும் நடிப்பார்கள், மாற்ற விரும்புவோர் எழுந்து வரலாம்" என்றேன். ஓர் இளைஞர் உடனே எழுந்தார். மேற்பார்வையாளரின் இடத்தில் நின்று அப்பெண்ணுக்கு விடுப்பளித்தார். எல்லோரும் கைதட்டினர். நான், "தம்பி, கொடியவர் தாமே திருந்திவிட்டால் நாடகம் முடிந்துவிடும், நாளைக் காலை அத்தொழிற்சாலையில் எதுவும் மாறியிராது. துன்பப்படுபவர் இடத்திலோ, பார்த்துக்கொண்டு நிற்பவர் இடத்திலோ வந்து நில்லுங்கள்" என்றேன். ஒரு கல்லூரி மாணவி தொழிலாளியின் இடத்திற்கு வந்து துணிவாகப் பேசினாள். மேற்பார்வையாளராக நடித்தவர் அவளை வெளியே அனுப்பிவிட்டு அடுத்தவளை அழைத்தார். மாணவி திகைத்து நின்றாள்.

அடுத்துக் கடைக்காட்சி தொடங்கியது. அங்கே வாங்கும் அம்மையாரின் இடத்திற்கு எவரும் வரவில்லை. நான் காத்திருந்தேன். குழந்தைகள்கூட அமைதியாயினர். கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு சகோதரி எழுந்து சென்று சுடிதாரைக் கையில் வாங்கினார். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின், "எனக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை, அக்கா" என்று சொல்லிவிட்டுத் தம் இடத்தில் வந்து அமர்ந்தார்.

அன்றைய நாடகத்தில் மிக உண்மையான சொல் அதுவே என்று கருதுகின்றேன். உண்ணும் பண்டத்தில் முட்டை கலந்துள்ளதா, கிழங்கு சேர்ந்துள்ளதா என்று கேட்க நமக்குத் தெரியும். குழந்தைப் பருவம் முதல் அக்கேள்விகளில் பழகியிருக்கின்றோம். உடுக்கும் ஆடையைப் பற்றி என்ன கேட்பது என்று நமக்கு எவரும் கற்பிக்கவில்லை.

பிரமாதம் என்னும் சொல்

நம்மில் பல குடும்பங்கள் பட்டை விலக்கியுள்ளன. கூட்டுக்குள் இருக்கும் உயிர்களை வெந்நீரில் இட்டுப் பெறும் நூல் நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கியது நல்லறம். ஆனால் பட்டை விட்டுப் பருத்திக்கு மாறியவுடன் கொல்லாமை நிறைவுற்றது என்று எண்ணிவிட்டோம். பருத்தி செடியில் விளைவது. ஆடை செடியில் விளைவதில்லை. நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், தைப்பவர் என்று எத்தனையோ ஐயறிவும் மனமும் உடைய உயிர்களின் கைகள் இடையில் உள்ளன.

"தைத்த பெண்ணை நானா வருத்தினேன்? வருத்த வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லையே" என்று கேட்கலாம். இல்லறத்தார் விடவேண்டியது எண்ணிச் செய்யும் சங்கற்பக் கொலையே என்பதும் நாம் படித்ததுதான். ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி முனிவர் இம்சைக்குத் தரும் இலக்கணத்தை நினைவுகூர்க. பிரமத்த யோகத்தால், அதாவது விழிப்பற்ற மனமொழிமெய்களால், உயிர்க்குத் துன்பம் விளைப்பதே இம்சை என்கின்றார். பிரமாதம் என்பதற்குச் சமய நூல்களில் அசட்டை, கவனமின்மை என்பதே பொருள். உலக வழக்கில் அச்சொல் எப்படியோ "மிகச் சிறப்பு" என்று பொருள் மாறிவிட்டது. கடையில் அந்த அம்மையார் "பிரமாதம்" என்று சொன்னபோது, தம்மை அறியாமலே சாத்திரப்படி சரியான சொல்லைச் சொன்னார்!

மேலும், சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்தைச் சொல்லும்போதே செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடு சேர்த்தே விலக்கச் சொல்கின்றார். புலால் உண்பவன், "நான் கொல்லவில்லை, விலைக்குத்தான் வாங்கினேன்" என்று சொல்வதை நம் முன்னோர் ஏற்கவில்லை. வாங்குவோர் இருப்பதனாலேயே விற்போர் உள்ளனர் என்னும் திருவள்ளுவரின் நியாயம் நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்த நியாயத்தை இலையின் முன் ஏற்றுக்கொண்டு துணிக்கடையில் மறப்பது எங்ஙனம்?

கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களையும் எண்ணிப் பாருங்கள். கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்புச் சிதைத்தல், மிகு சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவை மாட்டுக்கும் குதிரைக்கும் சொன்னவை என்று நான் இளமையில் பாடம் கேட்டேன். விடுதிக் கதவை அடைத்து வெளியே விடாமல் வைத்தல், நேரம் கடந்தும் வேலை வாங்குதல், நீர் அருந்தவும் எழவிடாமல் கணக்குப் பார்த்தல் ஆகியவை இவற்றுள் அடங்காவோ? கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று, பிறர் களவாடிய பொருளை வாங்குதல். உழைத்தவளின் கூலியைக் குறைத்து அதனால் மலிந்த ஆடையை, மலிவு என்பதற்காகவே மகிழ்ந்து வாங்கினால், அது எதன்பாற் படும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகின்றேன்.

நம் மாவட்டத்தில் நிகழ்ந்தவை

இது எங்கோ நடப்பதன்று. விடியலில் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை வரும் அதே சாலைகளில் மில் வண்டிகளும் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. சில பத்தாண்டுகளுக்கு முன் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் ஒரு முறை பரவியது. ஏழை வீட்டுப் பெண்ணை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவர். முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்வர். இடையில் நோயுற்றோ பொறுக்க இயலாமலோ வெளியேறியவர் பலர் அத்தொகையை இழந்தனர். மங்கலமான பெயரைச் சூட்டியதால் அதன் கொடுமை நெடுநாள் கண்ணுக்குத் தெரியவில்லை.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கிருந்த ஆடைத் தொழிற்கூடங்களில் உழைத்தவர்கள். சுவரில் விரிசல் கண்டும் மறுநாள் அவர்களை வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள். அதன்பின்னரே "என் ஆடையைத் தைத்தவர் யார்?" என்னும் கேள்வி மேலைநாடுகளில் ஓர் இயக்கமாயிற்று.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய இளம் தலித் பெண்ணொருத்தி, 2021 சனவரியில் தன் மேற்பார்வையாளராலேயே கொல்லப்பட்டாள். உடன் உழைத்த பெண்கள் ஊமையாக இருந்துவிடவில்லை. பெண்கள் தலைமையேற்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்னும் சங்கம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளின் துணையோடு நின்றது. 2022 ஏப்ரலில் "திண்டுக்கல் உடன்படிக்கை" கையெழுத்தாயிற்று. தொழிற்சாலையை நடத்திய நிறுவனம் மட்டுமன்றி, அங்கே ஆடை வாங்கிய எச் அண்ட் எம் என்னும் வெளிநாட்டு நிறுவனமும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது. பெண் தொழிலாளர்களே பயிற்சி பெற்றுக் கண்காணிக்க அது வகைசெய்தது. அச்சமின்றி முறையிட வழி வகுத்தது. மீறினால் வாங்குபவரும் விளைவு உண்டாக்கக் கடமைப்பட்டார். வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு என்று நம் சாத்திரம் சொன்னதை, எழுத்தில் வாங்கிக் காட்டியவர்கள் நம் பக்கத்து ஊர்ப் பெண்கள்.

ஓர் ஐயமும் விடையும்

அன்று எங்கள் முற்றத்தில் ஒரு பெரியவர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பினார். "அம்மா, நாம் வாங்குவதை நிறுத்தினால் அந்தப் பெண்ணின் வேலையே போய்விடுமே. அது கருணையாகுமா?" என்றார். ஆகாதுதான். உடன்படிக்கைக்குப் போராடிய பெண்கள் "எங்கள் ஆடையை வாங்காதீர்கள்" என்று கேட்கவில்லை. "நெறியோடு வாங்குங்கள்" என்றே கேட்டார்கள். விலகிச் செல்வதும் ஒருவகையில் பாராமுகமே. நின்று கேட்பதே நம் கடன்.

துணிக்கடையில் 30 ஆண்டு கணக்கெழுதிய மற்றொரு பெரியவர் எழுந்து, நாடகத்தில் கடைக்காரரின் இடத்தில் நின்றார். "என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது, தாயே. மொத்த வியாபாரியைத்தான் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் நான் சிரித்துவிட்டுப் போவேன். பத்துப் பேர் கேட்டால் நானும் அவரைக் கேட்பேன்" என்றார். அப்போது திண்டுக்கல் சகோதரி மீண்டும் எழுந்தார். இரண்டு சுடிதாரைத் திருப்பி வைத்துவிட்டு, "ஒன்று போதும். இதை எந்த ஊரில் தைத்தார்கள் என்று அடுத்த முறை கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். கடைக்காரர், "ஒன்றுக்கு இலவசம் கிடையாதே" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் திரும்பி வைத்த இரண்டையும் மீண்டும் எடுக்கவில்லை.

என் பங்கு

அத்துடன் முடித்திருக்கலாம். என் மனம் விடவில்லை. "இந்நாடகத்தில் ஒரு பாத்திரம் குறைகின்றது; அது நான்" என்று சொல்லி எழுந்தேன்.

1999ஆம் ஆண்டு நான் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. பத்தாம் வகுப்பு முடித்த ஒரு மாணவியை அழைத்துக்கொண்டு அவள் தாய் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். உடன் ஒரு தரகரும் நின்றார். "மூன்று வருஷம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்குப் பணம் மொத்தமாக வரும், டீச்சர்" என்றார் தாய். கணக்கில் கெட்டிக்காரப் பெண். மேலே படிக்க வைக்க வழியுண்டா என்று நான் கேட்டிருக்கலாம். எந்த மில், யார் பொறுப்பு, இடையில் வந்தால் என்ன ஆகும் என்றாவது கேட்டிருக்கலாம். நன்னடத்தை நன்று என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஆண்டுகள் பல கழித்துப் பூச்சந்தையில் அவளைக் கண்டேன். பூக்கட்டிக்கொண்டிருந்தாள். "இரண்டரை வருஷத்தில் உடம்புக்கு முடியாமல் வந்துவிட்டேன், டீச்சர். பணம் வரவில்லை" என்றாள். அவள் குரலில் என்மேல் குறையே இல்லை. அதுதான் என்னை இன்றும் வருத்துகின்றது.

முற்றத்தில் என் மாணவி ஒருத்தி அந்தத் தாயாக நடித்தாள். நான் அன்று நின்ற இடத்திலேயே நின்றேன். இம்முறை கேள்விகளைக் கேட்டேன். போன நாள் திரும்பவில்லை. ஆனால் அப்போது எனக்கு ஒன்று விளங்கிற்று. நாம் நாள்தோறும் செய்யும் பிரதிக்கிரமணம் என்பதும் இதுவே அன்றோ? பிழை செய்த இடத்திற்கு உள்ளத்தால் திரும்பிச் சென்று, அதனைக் கண்டு, நொந்து, இனி அவ்வாறு நில்லேன் என்று உறுதி கொள்வது. சொற்களை மட்டும் ஓதி முடிக்காமல் அந்த இடத்திலேயே போய் நின்றால், அது எவ்வளவு கடினம் என்பது புரிகின்றது.

நாம் மேற்கொள்ளத் தக்கவை

ஆடையையும் துறந்து மயிற்பீலியும் கமண்டலமும் மட்டுமே ஏந்திய முனிவரை நாம் வணங்குகின்றோம். அவர் நிலை நமக்கு இன்று இயலாது. ஆதலின் ஆடை பற்றிய அறம் முழுவதும் இல்லறத்தாராகிய நம் தலைமேலேயே உள்ளது. உண்டு கழிப்பது போகம். மீண்டும் மீண்டும் பயன்கொள்ளும் ஆடை போன்றவை உபபோகம். இரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்ளும் விரதத்தை அருங்கலச்செப்பு படித்த ஒவ்வொருவரும் அறிவர். உணவில் அளவு வைப்பது போல ஆண்டுக்கு இத்தனை ஆடை என்று குடும்பத்தோடு அமர்ந்து எண் வகுத்துக்கொள்வோம். வாங்கும் இடத்தில் ஒரு கேள்வியேனும் கேட்போம். சின்னாளபட்டி போன்ற ஊர்களில் நெய்தவரின் கையிலிருந்தே வாங்க வாய்ப்பு நேர்ந்தால், பேரம் பேசுவதில் நம் திறமையைக் காட்டாதிருப்போம். உள்ள ஆடையைத் தைத்தும் பகிர்ந்தும் நெடுநாள் உடுப்போம். திண்டுக்கல் சகோதரி இம்முறை தீபாவளிக்குத் தம் பெண்ணுக்கு ஒரே ஓர் ஆடை எடுத்ததாகத் தொலைபேசியில் சொன்னார். கடைக்காரர் ஊர்ப்பெயரை விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டாராம். இன்னும் சொல்லவில்லை, மீண்டும் கேட்கப் போவதாகச் சொன்னார்.

நம் முன்னோர் இதற்கு அயலானவர் அல்லர். இந்நிலக்கோட்டைப் பகுதியின் மேட்டுப்பட்டிச் சித்தர்மலையிலும், மதுரையை அடுத்த அழகர்மலையிலும் சமண முனிவர்க்கு வெட்டிய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இன்றும் உள்ளன. அழகர்மலையில் கொடையளித்தோர் பெயர்களுள் உப்பு வணிகர், கொழு வணிகர் ஆகியோரோடு அறுவை வணிகர் ஒருவரும் காணப்படுகின்றார். அறுவை என்பது துணி. துணி விற்றவர், துணி உடுக்காத முனிவர்க்குக் கல்லில் படுக்கை அமைத்துத் தந்தார். தொழிலுக்கும் துறவுக்கும் இடையே ஓர் அறப்பாலம் இருந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கின்றது. நாம் உடுத்தும் ஆடையைத் தைத்தவர் பெயரோ, அது கிழியும் வரையிலும் நமக்குத் தெரிவதில்லை.

அன்பர்களே, அடுத்த முறை புதிய ஆடையை விரித்து "பிரமாதம்" என்று சொல்ல வாயெடுக்கும்போது ஒரு நொடி நிற்போம். அந்த அவையில் ஆடல் நடந்துகொண்டிருக்கின்றது. நீலாஞ்சனை இருந்த இடத்தில் வேறொருத்தி நிற்கின்றாள். ஆதிநாதர் கண்டதை அவர் வழி வந்த நாமும் காண முயல்வோமாக.

அறம் வளர்க! உயிர்கள் இன்புறுக!